உங்களுக்குத் தெரியுமா? லயக் காம்பராவில் ஒரு மிக்ஸிங் அறை

தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது தாங்களே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஒரு லேப்டாப்பும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்து மிக்ஸிங்கும் முடித்து வெளியிடுகிறார்கள். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், எந்த மைக் நல்லது என்று விசாரிக்காதவர் இல்லை. ஸ்பீக்கர் வைக்கப்போகும் அறையைப் பற்றி விசாரிப்பவர்தான் அரிது. காதுக்கு வரும் ஒலியில் பாதிக்கு மேல் அந்த அறை போட்டுக் கொடுப்பது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து அறைகளை மனதில் வைத்து இந்த வாரத் துணுக்குகள்.

பத்துக்குப் பன்னிரண்டு

துரைமார் காலத்தில் கட்டிய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பம் வாழ அது போதாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். இசைக்கும் அது சிக்கலான அளவுதான்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப் போய்த் திரும்பும்போது, அலைநீளத்தில் பாதி எந்தச் சுருதிக்கு அந்த இடைவெளியோடு சரியாகப் பொருந்துகிறதோ அந்தச் சுருதி அறைக்குள்ளேயே தங்கி வீங்கிவிடும். பன்னிரண்டடிக்கு அது சுமார் 46 ஹெர்ட்ஸ். பத்தடிக்கு 56. கூரை எட்டடி உயரத்தில் இருந்தால் 70. அவற்றின் இரட்டிப்புகளான 93, 111, 139 ஆகியவையும் கூடவே வரும். பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தியை வெறுமனே மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அதாவது லயக் காம்பராவின் அகலம் அந்தத் தந்திக்கென்றே அளந்து கட்டியது போல இருக்கிறது. பாட்டில் அந்த ஒரு சுரம் வரும் இடமெல்லாம் சுவரோரம் அதிரும், பக்கத்துச் சுரம் வரும் இடத்தில் அடங்கிவிடும். வாசித்தவர் மேல் ஒரு குறையும் இல்லை.

ஒரே அறையில் இரண்டு தீர்ப்பு

இன்னொரு விசித்திரம் பாருங்கள். அறையின் சரியான நடுக்கோட்டில், அகலத்தால் உண்டாகும் அந்த முதல் அதிர்வின் அழுத்தம் கிட்டத்தட்டப் பூச்சியமாகிவிடும். நாற்காலியில் இருந்து மிக்ஸிங் செய்பவர் நடுவில் இருப்பார். கூட வந்த நண்பர் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருப்பார். "பேஸ் பத்தலடா" என்பார் ஒருவர், "காது அடைக்குது, குறை" என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் அவரவர் இருக்கும் இடத்தில் உண்மை.

அகலத்தில் நடுவை விட்டு விலக முடியாது; இடது வலது ஸ்பீக்கர்கள் சமமாகக் கேட்க வேண்டுமே. நீளத்தில் விலகலாம். ஸ்டுடியோ கட்டுபவர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு, முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரம். பன்னிரண்டடி அறையில் அது ஏறக்குறைய நாலரை அடி. அங்கே தொடங்கி, நாற்காலியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டு முடிவு செய்யுங்கள். காசு செலவில்லாத முதல் திருத்தம் இது.

சதுர அறை வேண்டாம்

நீளமும் அகலமும் ஒன்றானால் இரண்டு அதிர்வும் ஒரே சுருதியில் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்று கட்டினால் மூன்றும் 56 ஹெர்ட்ஸில் கூடிவிடும். உயரம், அகலம், நீளம் 1 : 1.4 : 1.9 என்ற விகிதத்தில் இருந்தால் அதிர்வுகள் ஓரளவு பரந்து விழும் என்பது 1970களிலிருந்து கட்டுமானக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்குகளில் ஒன்று. எட்டடி உயர அறைக்கு அது சுமார் பதினொன்றேகால் அடி அகலமும் பதினைந்தேகால் அடி நீளமும்.

லயக் காம்பராவிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. அதன் தகரக் கூரை சாய்வானது. தரையும் கூரையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததால், கை தட்டினால் மேலும் கீழும் 'டர்ர்' என்று ஓடும் எதிரொலி குறையும். அழகுக்காகத் தட்டையாக சீலிங் அடித்து அந்த நல்ல குணத்தைக் கெடுத்துவிடாதீர்கள். சீலிங் அடிப்பதானால் கூரையின் சாய்விலேயே அடியுங்கள்.

முட்டை அட்டையால் ஆகாது

முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டிய 'ஸ்டுடியோ' படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது பேச்சிலுள்ள கீச்சொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். சுவரில் ஒட்டிய பஞ்சோ துணியோ ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிப்பு அலைநீளத்தில் கால் பங்கை எட்ட வேண்டும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீற்றர். கால் பங்கு 85 சென்ரிமீற்றர்! ஓர் அங்குலப் பஞ்சு முழு வேலை செய்யத் தொடங்குவதே 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான். மெல்லிய பஞ்சை அறை முழுக்க ஒட்டினால் உயர்ந்த ஒலிகள் செத்துப்போகும், பேஸ் மட்டும் முன்போலவே உருளும். ஒன்றும் ஒட்டாத அறையைவிட அது மோசம். எரிவது அந்த அட்டைக்கும் மலிவுப் பஞ்சுக்கும் இலேசு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பேராசிரியரும் மெத்தைகளும்

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து மோதியது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து நாடக மண்டபத்து இருக்கைகளின் மெத்தைகளை இரவில் தூக்கி வருவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி முற்றாக அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளப்பார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அறையின் கன அளவு, அதிலுள்ள உறிஞ்சும் பரப்பு, ஒலி அடங்கும் நேரம் ஆகிய மூன்றையும் இணைக்கும் வாய்பாடு அந்த இரவுகளில் பிறந்ததுதான். 1900இல் திறந்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் அந்தக் கணக்கை வைத்துத் திட்டமிடப்பட்டது.

அதே வாய்பாட்டை நம் காம்பராவுக்குப் போட்டுப் பார்ப்போம். 10க்கு 12க்கு 8 அடி என்றால் சுமார் 27 கன மீற்றர். பூசிய கருங்கல் சுவர், சிமெந்துத் தரை, சாமான் எதுவும் இல்லை என்றால் ஒலி அடங்க ஒன்றரை, இரண்டு வினாடி கூட ஆகலாம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்களே, அந்த முழக்கத்தின் தம்பி இது. மிக்ஸிங் அறைக்கு வேண்டியதோ கால் வினாடி அளவு. அதற்கு முழுமையாக உறிஞ்சும் பரப்பு சுமார் 17 சதுர மீற்றர் தேவை. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. 'ஒரு கார்பெட் விரித்தால் போதாதா' என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

கம்பளி

மழைக்கும் குளிருக்கும் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் போட்டுக்கொண்ட கம்பளியைப் பல வீடுகளில் இன்னும் மடித்து வைத்திருக்கிறார்கள். பாடகரின் முதுகுப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். குரல் பதிவில் சுவரின் கரகரப்பு நன்றாகக் குறையும். பேஸுக்கு மட்டும் அது ஒன்றும் செய்யாது.

மூலைதான் முக்கியம்

மேலே சொன்ன அதிர்வுகள் அத்தனைக்கும் அழுத்தம் உச்சத்தில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அறையின் மூலை. ஆகவே கையில் இருக்கும் பணத்துக்கு ராக்வூல் என்ற கல்லிழைப் பஞ்சு கொஞ்சம்தான் வாங்க முடியும் என்றால், அதைச் சுவரில் பரப்பாமல் மூலைகளில் குவியுங்கள். தரையிலிருந்து கூரை வரை, இரண்டடி முகம் உள்ள முக்கோணமாகப் பலகைச் சட்டம் அடித்து உள்ளே ராக்வூலை அடுக்கி, முன்னால் சாக்குத் துணியோ பருத்தித் துணியோ இழுத்துக் கட்டலாம். ஊதினால் மறுபக்கம் காற்று போகிற துணியாக இருக்க வேண்டும். ரெக்சின் வேண்டாம்.

சுவர்ப் பலகைகளுக்கு நாலங்குல ராக்வூல், அதற்குப் பின்னால் நாலங்குல வெற்றிடம். அந்த வெற்றிடம் சும்மா கிடைக்கும் தடிப்பு. உறிஞ்சும் எல்லையைக் கணிசமாகக் கீழே இறக்கும். நம் பக்கத்தில் அதற்கு இரண்டாவது பயனும் உண்டு. ஜூன், ஜூலையில் வட்டவளையிலோ டிக்கோயாவிலோ கருங்கல் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கை ஈரமாகும். சுவரோடு ஒட்டிய பஞ்சு ஒரே மழைக்காலத்தில் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். காற்று ஓட வழி இருந்தால் தப்பும். ராக்வூல் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

பழைய அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட கூரையானால் அதில் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. சட்டத்தைச் சுவரிலிருந்து எழுப்பிக் கொள்ளுங்கள்.

கல்லும் பலகையும்

பேஸை ஸ்டுடியோக்காரர்கள் 'அடைத்து வைப்பது' பற்றியே பேசுவார்கள். ஆனால் கனமான கருங்கல் சுவருக்குள் பேஸ் வெளியேற வழியின்றி முழுவதும் திரும்பி வரும். பலகை அடித்த ஒட்டுக் காம்பராவிலோ சுவரே மெல்ல அதிர்ந்து பேஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், இன்னொரு பங்கு வெளியே போய்விடும். ஆகவே பின்பக்கத்தில் பலகையால் இழுத்துக் கட்டிய அறை, மிக்ஸிங்குக்குக் கல் அறையைவிட நேர்மையாகக் கேட்கக்கூடும். பக்கத்து வீட்டாருக்குத்தான் சிரமம்.

பக்கத்துக் காம்பரா

அந்தப் பக்கத்து வீட்டு விஷயத்தை இலேசாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மலைக்குப் போகிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உறங்குகிறார்கள். சில பழைய லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. எட்டடிச் சுவரில் மேலே ஓரடி திறந்திருக்கிறது என்று வையுங்கள். கீழே உள்ள ஏழடி எவ்வளவு கனமான கல்லாக இருந்தாலும், மொத்தத்தில் 9 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால்கூட 20 டெசிபெலோடு சரி. ஒலியைத் தடுப்பது கனமும் இறுக்கமும். பஞ்சு தடுக்காது. அறைக்குள் உறிஞ்சுவது ஒரு வேலை, வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வீணாகும் பணம் கொஞ்சமல்ல. முதலில் அந்த ஓரடியைச் செங்கல் வைத்துப் பூசி அடையுங்கள். கதவின் அடியிலுள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டை. பிறகு மற்றது.

2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள். தனி வீடு என்றால் மானம், பாதுகாப்பு, நிலத்தில் ஓர் உரிமை. கூடவே, இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளை தன் பாட்டைச் சத்தமாகக் கேட்டுப் பார்க்கும் சுதந்திரமும். எத்தனையோ குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே இருக்கின்றன.

தகரத்தின் மேல் மழை

மெல்லிய தகரத்துக்குக் கனமும் இல்லை, அதிர்வை அடக்கும் குணமும் இல்லை. ஒவ்வொரு துளிக்கும் அது முரசாகிறது. கீழே பஞ்சு ஒட்டினால் மட்டும் போதாது. தகரத்தின் அடிப்பக்கம் அதிர்வை அடக்கும் தார்ப்பட்டைகளை ஒட்டி, அதற்குக் கீழே இடைவெளி விட்டு, ராக்வூலும் இரட்டை ஜிப்சம் பலகையும் கொண்ட சீலிங் தொங்கவிட வேண்டும். அவ்வளவு செலவுக்கு வசதியில்லை என்றால், குரல் பதிவை ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில் முடித்துக்கொண்டு, மழைக்காலத்தை ஹெட்போனில் எடிட் செய்ய வைத்துக்கொள்வதுதான் புத்தி.

ஸ்டோர் சத்தம்

பகலில் பறித்த கொழுந்து, தேயிலை ஸ்டோரின் மேல் தட்டில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை வாட வேண்டும். அதற்கான பெரிய விசிறிகள் இரவு முழுவதும் ஓடும். அரைக்கும் வேலையும் பெரும்பாலும் விடியுமுன்னே தொடங்கிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார்களின் காந்த முனகல் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் வரும். அந்தச் சுருதிக்குச் சாதாரணக் கதவும் ஜன்னலும் இல்லாததற்குச் சமம். ஸ்டோருக்கு அருகே இருப்பவர்கள் ஊர் அடங்கிய நள்ளிரவுதான் அமைதி என்று நினைத்து மிக்ஸிங் செய்வார்கள். காது அந்த முனகலுக்குப் பழகிவிடுவதால் அது அங்கே இருப்பதே தெரியாது. அதே சுருதியில் இருக்கும் இசை மட்டும் மறைந்து போகும். பிறகு பேஸைக் கூட்டுவார்கள். ஸ்டோர் நிற்கும் நாளில் அதே பாட்டைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

குளிர் தந்த வரம்

சென்னையிலும் கொழும்பிலும் ஸ்டுடியோ கட்டுபவர்களின் பெரிய தலைவலி ஏசி. காற்றும் வர வேண்டும், அதன் இரைச்சல் வரக் கூடாது. அந்தக் குழாய் வேலைக்கே பெரும் பணம் போகும். சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நுவரெலியாவில் அந்தக் கவலையே இல்லை. ஆனால் இறுக்கி அடைத்த 27 கன மீற்றர் அறைக்குள் மூன்று பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் காற்று கெட்டுத் தலை வலிக்கும். நேர் துவாரம் வேண்டாம். உள்ளே பஞ்சு ஒட்டிய பலகைப் பெட்டியில் இரண்டு மூன்று வளைவு வைத்துக் காற்றை உள்ளே விடுங்கள். காற்று வளைந்து வரும், ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும்.

கண்ணாடி வைத்துப் பார்

ஸ்பீக்கர் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். சிறிய ஸ்பீக்கர் கூம்பு காது உயரத்தில். அகலம் குறைந்த சுவரைப் பார்த்து அமருங்கள். நீளம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகட்டும்.

நேராக வரும் ஒலிக்கு நாலைந்து மில்லி வினாடி பிந்திப் பக்கச் சுவரில் பட்டு ஒரு நகல் வரும். இரண்டும் சேரும்போது சில சுருதிகள் வெட்டுப்பட்டுப் போகும், குரல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கலங்கும். அந்த நகல் எங்கே பட்டு வருகிறது என்று கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் இருங்கள், தம்பியோ தங்கையோ கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு ராக்வூல் பலகை. மறு பக்கமும், கூரையிலும் அப்படியே. ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் சுவர் என்று இருந்தால் ஜன்னலுக்கும் அதே அளவில் கழற்றி மாட்டும் பலகை செய்துகொள்ளுங்கள்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால், பின்னால் போய்த் திரும்பும் ஒலி 93 ஹெர்ட்ஸைத் தின்றுவிடும். அதைப் பஞ்சால் காப்பாற்ற முடியாது. சின்ன அறையில் சுவரை நெருக்கி, கூம்புக்கும் சுவருக்கும் எட்டு அங்குலம் மட்டும் வருமாறு வைத்தால் அந்தப் பள்ளம் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அங்கே ராக்வூல் கைகொடுக்கும்.

சட்டென்று சில

உலகமெங்கும் கன்ட்ரோல் ரூம்களில் நின்ற வெள்ளைக் கூம்பு யமஹா என்எஸ்-10, 1978இல் வீட்டுப் பாவனைக்கென்று வெளியானது. குறைகளை மறைக்காமல் காட்டியதால் ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2001இல் உற்பத்தி நின்றது.

குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸ் மந்தமாகக் கேட்கும் என்பதை 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாக வைத்து மிக்ஸிங் செய்த பாட்டில் பேஸ் அளவு மீறி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறையின் முன் பாதி உறிஞ்ச வேண்டும், பின் பாதி ஒலியைச் சிதறடித்து உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கை 1970களின் கடைசியில் அமெரிக்காவில் டான் டேவிஸ், சிப்ஸ் டேவிஸ் ஆகியோரிடமிருந்து வந்தது. சிதறடிக்கும் பலகைக்கான எண்கணிதத்தை 1970களில் மான்ஃபிரெட் ஷ்ரோடர் தந்தார்; ஏழு குழிகள் என்றால் ஆழங்கள் 0, 1, 4, 2, 2, 4, 1 என்ற விகிதத்தில். ஆனால் பின் சுவர் முதுகுக்கு மிக நெருங்கி இருக்கும் அறையில் சிதறலைவிட உறிஞ்சலே நல்லது.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைவு. அதே ஸ்பீக்கர், அதே அளவு தள்ளினாலும் கொழும்பைவிட ஒன்றரை டெசிபெல் அளவு குறைவாகக் கேட்கும். ஒலியின் வேகத்துக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. அதை மாற்றுவது வெப்பநிலை.

அறையை அளக்க 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற மென்பொருள் இலவசம்.

நாதஸ்வரம் ஏன் இறங்குகிறது

28 பாகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 348 மீற்றர் ஓடும். 16 பாகையில் 341 மட்டும். அறையின் அதிர்வு இதனால் ஒரு ஹெர்ட்ஸ்தான் நகரும், கவலையில்லை. ஆனால் சமவெளியில் சுருதி பார்த்த புல்லாங்குழலோ நாதஸ்வரமோ மலைக்கு வந்தால், கணக்குப்படி ஒரு சுரத்தானத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடுசெய்யும், முழுதும் அல்ல. கீபோர்டோ அசையாது. திருவிழாவுக்கு வரும் கலைஞர்களைப் பதிவு செய்பவர்கள், பத்து நிமிடம் வாசிக்கவிட்டு வாத்தியம் சூடேறிய பிறகு சுருதி சேர்ப்பது நல்லது.

பெரட்டுத் தப்பு

முன்பெல்லாம் விடியற்காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு அழைக்கத் தப்படிப்பார்கள். அந்தச் சத்தம் பகலில் போகாத தூரத்துக்கெல்லாம் விடியலில் போகும். இரவு முழுக்கக் குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கி, மேலே சற்று வெப்பமான காற்று இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் மேலே கிளம்பிய அலை வளைந்து மறுபடி கீழேயே வரும். வெயில் ஏறியதும் இது தலைகீழாகும். ஒலி வானத்துப் பக்கம் வளைந்து போய்விடும்.

தப்பைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் அதன் தோலை அறிந்திருக்க வேண்டும். மூட்டத்திலும் மழையிலும் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்து 'தொப்' என்று விழும். வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, தப்பை அதன் மேல் வட்டமாகச் சுழற்றிக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று வந்ததும் தோளில் ஏறும். அந்தக் கணீர் ஈரக் காற்றில் வெகுநேரம் நிற்காது. ஆகையால் மைக்கையும் அளவையும் முன்பே சரிபார்த்து வைத்துவிட்டு, காய்ச்சிய கையோடு பதிவைத் தொடங்குங்கள். முதல் டேக்கும் ஆறாவது டேக்கும் வெட்டி ஒட்டினால் சுருதி சேராது. மெல்லிய குச்சியின் 'சட்' என்ற ஒலி மேல் அலைவரிசையில் இருக்கிறது, தடித்த குச்சியின் அடி கீழே. ஒன்றை மற்றது விழுங்காமல் பார்ப்பதே தப்பு மிக்ஸிங்.

காமன் பொட்டலில் எதிரொலி

மாசியில் காமன் கூத்து நடப்பது திறந்த வெளியில். அங்கே சுவரும் இல்லை, மண்டபமும் இல்லை. தப்பின் ஒலி காய்ந்த ஒலி. பிறகு எதிர் மலையிலிருந்து ஒரே ஒரு பதில். மலை 170 மீற்றர் தூரத்தில் இருந்தால் சரியாக ஒரு வினாடி கழித்து. இதைக் கம்ப்யூட்டரில் உள்ள 'பெரிய தேவாலயம்' என்ற ரிவெர்ப்பில் முக்கி எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ரிவெர்ப்பைக் குறைத்து, எந்தத் தோட்டத்துப் பொட்டலோ அங்கேயே போய்க் கைதட்டி, எதிரொலி திரும்பும் நேரத்தை ஃபோனில் பதிவு செய்து அளந்து, அதையே டிலேயாகப் போடலாம். அந்த இடத்தின் ஒலி அது. பாடியவர்களின் குரலுக்கும் இதே அக்கறை வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். தோட்டத்து நாட்டார் பாடல்களை வாய்வழி கேட்டுத் தொகுத்து அச்சேற்றினார். ஏட்டில் சொற்கள் நின்றன. கொழுந்து மலையில் அவற்றைப் பாடிய பெண்களின் குரல், இழுப்பு, மூச்சு இவையெல்லாம் ஏட்டில் நிற்க முடியாதவை. அவற்றைக் காப்பது இப்போது பதிவு செய்கிற பிள்ளைகள் கையில் இருக்கிறது. பாட்டிமாரின் ஒப்பாரியையும் தாலாட்டையும் பதிவு செய்யும்போது அறையின் முழக்கம் அதில் ஏறிவிட்டால் பிறகு எந்தக் கருவியாலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

கொல்லையில் பிறந்த ஸ்டுடியோ

ஏ. ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் 1989இல் சென்னை கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுக் கொல்லையில் எழுந்தது. 'ரோஜா' 1992இல் வந்தது. இடையிலிருந்த வருடங்களில் விளம்பர இசை செய்தபடி அவர் அந்த அறையிலேயே கிடந்தார். கருவியை மாற்றிக்கொண்டே இருப்பவருக்குக் கிடைக்காத ஒன்று, ஒரே அறையில் வருடக்கணக்கில் கேட்பவருக்குக் கிடைக்கும்: தன் அறை எதைக் கூட்டிச் சொல்கிறது, எதைக் குறைத்துச் சொல்கிறது என்ற தெளிவு. உங்கள் அறையிலும் நீங்கள் நன்றாக அறிந்த பத்துப் பாடல்களை நாள்தோறும் ஒரே சத்த அளவில் கேளுங்கள்.

கடைசிச் சோதனை எங்கே?

இலங்கை வானொலியின் மத்திய அலையில் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் எட்டியதில்லை. இருந்தும் குரலும் மெட்டும் தெளிவாகவே வந்து சேர்ந்தன. அன்றைய ஒலிப்பதிவாளர்கள் நடு அலைவரிசையைச் செதுக்கி வைத்திருந்தார்கள். இன்று உங்கள் பாட்டை முதலில் கேட்கப்போவது கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில்; அதற்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அடுத்து ஹட்டன் பஸ், த்ரீவீலர், கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அறையைச் சரிசெய்து முடித்த மிக்ஸை இந்த நான்கிலும் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே குறை வந்தால் மிக்ஸைத் திருத்துங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள், அது அந்த ஸ்பீக்கரின் குறை. நாலிலும் நன்றாக இருந்து உங்கள் அறையில் மட்டும் பேஸ் இடறினால், மறுபடி மூலைகளைப் போய்ப் பாருங்கள். அங்கே ராக்வூல் இன்னும் போதவில்லை.